ஒட்டகக் கிழவன் குடித்த கஞ்சி

2014 ஜூன் 2, திங்கள்

அம்பேட்டா, நீங்கள் பாதியில் விட்ட நோட்டில்தான் எழுதுகிறேன். முன்பக்கமெல்லாம் பார்த்த படத்தின் பெயர், நாட்டின் பெயர், தேதி. பின்பக்கம் இனி எனக்கு. மூன்றாம் வகுப்போடு நின்ற உங்கள் பெண்டாட்டிக்கு நோட்டு எதற்கு என்று கேட்காதீர்கள். வீட்டில் பேச்சுத்துணை இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் நாற்பத்தொன்றாம் நாள் சடங்கு கழிந்து இன்று பீடிக் கம்பெனிக்குப் போனேன். உங்கள் ஸ்டூல் அதே மூலையில் இருக்கிறது. நாங்கள் நாற்பது பேர் பீடி சுற்ற, நீங்கள் அதில் உட்கார்ந்து பேப்பர் வாசிப்பீர்கள். வாசிக்கிறவருக்குக் கூலி குறையக் கூடாதென்று ஆளுக்கு நாலு பீடி உங்கள் முறத்தில் போடுவோம். இப்போது டி.வி. வைத்திருக்கிறார்கள். அதன் முறத்தில் யாரும் ஒரு பீடி போடக் காணோம்.

ஜூன் 14, சனி

வாசகசாலையில் மாதப் படம். கொட்டுகிற மழை. ஜன்னலுக்குச் சாக்கு மாட்டி மூன்று மணிக்கே இருட்டாக்கினார்கள். பனி நாட்டில் மான் மேய்க்கிறவர்களைப் பற்றிய படம். அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிறது. பெண்கள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து அதை எங்கள் மலையாளத்தில் சொல்ல நீங்கள் இல்லை. ஒன்பது பேர் வருகிற பெஞ்சில் இன்று நாலு பேர்.

"யாரு மாப்பிள்ளை, யாரு மாமனார்னே தெரியலையே நாணி. எல்லாத்துக்கும் ஒரே தொப்பி!" - பக்கத்து வீட்டுக் கார்த்தியாயனிதான், வேறு யார்.

யாரும் சொல்லாமல் எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது. படத்தில் செத்துப்போனவனின் தோல் கோட்டு ஆணியிலேயே தொங்குகிறது. அவன் பெண்டாட்டி அதைச் சுற்றிப் பெருக்குகிறாள், தொடவில்லை. அவ்வளவு தூரத்து ஊர். அங்கேயும் அப்படித்தானா? உங்கள் நீலச் சட்டை இன்னும் ஆணியில்தான் இருக்கிறது.

வெளியே வரும்போது வாசகசாலை செக்ரட்டரி, பள்ளிக்கூட வாத்தியார் பவித்ரன் மாஷ் சொன்னார்: "பொம்பளைங்க வரலேன்னா அடுத்த மாசத்தோட படத்தை நிறுத்திடலாம்னு கமிட்டி சொல்லுது, நாணியேச்சி. ஆறு ஆம்பளைக்காக இவ்வளவு பாடு எதுக்குங்கறாங்க."

நிறுத்தினால்? உங்கள் குரல் எனக்கு மிச்சமிருப்பது அந்தப் பெஞ்சில்தானே.

ஜூன் 15

சட்டையைத் தொடவில்லை.

ஜூலை 3, வியாழன்

மாஷ் குடையோடு வாசலில் நின்றார். "இப்ப பசங்க மலையாளத்துலயே எழுத்துப் போட்டு வெச்சிருக்காங்க. நம்ம ஒட்டகக் கிழவன் படத்துக்கும் இருக்கு. பெஞ்சுக்கு ஆள் பிடிங்க."

ஒட்டகக் கிழவன்! பார்த்து ஆறு வருஷமாகிறது. பாலைவனத்தில் ஒட்டகத்தின் மேல் உப்பு ஏற்றிப் போகிறவன். மணல் காற்றில் வழி தவறி, எப்படியோ மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவான். மகள் கஞ்சி ஊற்றி, முருங்கைக்கீரைக் கறி வைப்பாள். நீங்கள் சொல்லச் சொல்ல எங்களுக்கே பசித்தது. பெஞ்சுக்காரிகள் வீடெல்லாம் ஏறி இறங்கினேன். கிழவன் பெயரைச் சொன்னதும் எல்லாரும் சரியென்றார்கள்.

ஜூலை 12, சனி

சிரித்துச் சிரித்து இன்னும் விலா வலிக்கிறது.

எழுத்து மலையாளம்தான். ஆனால் நான் ஒரு வரியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்தது ஓடுகிறது. பக்கத்தில் மாதவி "என்னடி சொல்றான், என்னடி சொல்றான்" என்று இடிக்கிறாள். எட்டினதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். மணல் காற்று அடித்தது. கிழவன் விழுந்தான். இனி மகள் வீடுதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

ஒரு மணல் மேடு. அதில் நட்ட கோல். அடியில் எழுத்து: 'அப்பாவை இங்கேதான் புதைத்தோம்.'

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்படியானால் கஞ்சி குடித்தது யார்? துக்கம் கேட்க வந்த கிழவனின் தம்பி! எல்லாரும் முகத்தை மூடித் துணி சுற்றியிருந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

உடனே கார்த்தியாயனி, "அட அம்பேட்டா! செத்தவனுக்குக் கஞ்சி ஊத்தி ஆறு வருஷம் வளத்துட்டீங்களே!" என்றாளே பார்க்கலாம். பெஞ்சு குலுங்கியது.

முன்வரிசையிலிருந்து ஓர் ஆண் குரல்: "சாவு நடக்குது, என்ன சிரிப்பு அங்க?"

"உங்க கிழவன்தான் செத்தான். எங்க கிழவன் மக வீட்டுல சௌக்கியமா இருக்கான்!" என்று திருப்பிக் கொடுத்தாள் கார்த்தியாயனி.

படம் முடிந்து மாஷிடம் கேட்டேன், அம்பேட்டனுக்கு இங்கிலீஷ் சரியாகத் தெரியாதோ என்று.

"தெரியாமச் சொல்லலை ஏச்சி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்கிட்ட வந்து வரி வரியா அர்த்தம் கேட்டுட்டுப் போவார். கிழவன் சாவறதும் நான் சொன்னதுதான். பாலைவனத்துல முருங்கை எங்கே முளைச்சதுன்னு அப்புறம் கேட்டேன். 'எங்க பெஞ்சுக்கு அதுதான் ருசிக்கும் மாஷே'ன்னுட்டார்."

வீட்டுக்கு வந்து நோட்டின் முன்பக்கத்தைப் புரட்டினேன். ஒட்டகப் படத்துக்கு நேரே நீங்கள் எழுதிய தேதி. என் தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாத அந்த மாதம்.

இத்தனை நாள் தெரியாமல் போச்சே எனக்கு.

ஜூலை 13

நீலச் சட்டையைத் துவைத்துப் போட்டேன். மழை. காயவில்லை. பரவாயில்லை.

ஜூலை 21, திங்கள்

கம்பெனியில் பீடி சுற்றிக்கொண்டே பஞ்சாயத்து நடந்தது. எழுத்து ஓடுகிற ஓட்டம் ஒருத்திக்கும் ஒத்துவரவில்லையாம். பாதிப் பேருக்கு வாசிக்கவே வராது.

"இனி நீயே படத்தைச் சொல்லு நாணி," என்றாள் கார்த்தியாயனி.

"எனக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியுமாடி?"

"மாஷுக்குத் தெரியுமில்ல? வெள்ளிக்கிழமை போய்க் கேளு. உன் புருஷன் மட்டும் சீமையிலயா படிச்சாரு?"

ஆகஸ்ட் 9, சனி

பெஞ்சில் பதினொரு பேர். இடம் போதாமல் பாய் போட்டார்கள். கம்பெனியிலிருந்து உங்கள் ஸ்டூலைக் கார்த்தியாயனி தலையில் சுமந்து வந்திருந்தாள். அதில் ஏறி உட்கார்ந்தேன்.

கடல் போல அகலமான ஆறு ஓடுகிற ஏதோ நாடு. அக்காவும் தம்பியும். தம்பி மீன் பிடிக்கப் படகில் போகிறான். அவன் திரும்பி வருவதில்லை என்று மாஷ் நேற்றே சொல்லியிருந்தார். படகுப் பாட்டு, மீன் சந்தை, சண்டை எல்லாம் நன்றாகத்தான் சொல்லி வந்தேன். கடைசியில் அந்த அக்கா முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள். நிற்கிறாள், நின்றுகொண்டே இருக்கிறாள். சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டேன். பெஞ்சு முழுவதும் என்னையே பார்க்கிறது.

"அவனுக்கு என்னடி ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள் கார்த்தியாயனி. ஆறு வருஷம் முன்னால் கடற்கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

"அக்கரையில கரை ஏறிட்டான்," என்றேன். "அங்க ஒரு வீட்டுல உக்காந்து கஞ்சி குடிச்சிட்டிருக்கான்."

யாரும் சிரிக்கவில்லை. விளக்குப் போட்டதும் ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து ஆளுக்கு நாலு பீடி என் மடியில் போட்டார்கள். மாஷ் கதவோரம் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த மாசம் ரெண்டாம் சனி, மறந்துடாதீங்க" என்றார்.

கார்த்தியாயனி விடுவாளா? வழி நெடுக ஒரே கேள்விதான். கஞ்சி சரி, தொட்டுக்க என்ன? முருங்கைக்கீரையை நீங்கள் முன்னாலேயே சொல்லி முடித்துவிட்டீர்கள்.

அக்கரையில் கஞ்சிக்கு என்ன கறி, அம்பேட்டா?