நூல் பிசகாத வண்டி

மார்ச் 4
நான் எழுதின புரோகிராமில் எட்டு மாதமாக மருந்துக் கம்பெனி வண்டிகள் நூல் பிசகாமல் ஓடுகின்றன. வளைவில்கூட ஆட்டமில்லை. ஆளில்லாமல் சரக்கைச் சுமந்து போகிறவற்றை இன்றும் அசடு மாதிரி பார்த்து நின்றேன். பிள்ளை வளர்க்க ஒன்பது வருஷம் வீட்டில் இருந்தவளை நம்பிக் கொடுத்த வேலை. மாதக் கடைசியில் நிரந்தரமா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். இது போனால் என்னை யார் கூப்பிடுவார்கள்?

மார்ச் 11
பேக்கிங் அறை வளைவில் செருப்பு தட்டியது. குனிந்து பார்த்தால் தரையில் இரண்டு பள்ளம், சக்கர அகலத்தில். எல்லா வண்டியும் எல்லா நடையும் ஒரே கோட்டின் மேல்! முன்பு அப்படி இப்படி அலைந்தபோது தரை தாங்கியது. நான் புரோகிராமைத் திருத்தித் திருத்தி — என் கெட்டிக்காரத்தனம்தான் தரையை அறுக்கிறது.

மார்ச் 12
மேனேஜரிடம் சொன்னேன். ஒவ்வொரு நடையும் தடத்தைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைக்கலாம், ஒருநாள் வேலைதான். சிரித்தார். "எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு சொல்ல வந்தீங்களா? புதன்கிழமை நம்ம மருந்தை வாங்கறவங்க பார்க்க வராங்க. வண்டி குடிச்சவன் மாதிரி போகணுமா? நேராவே போகட்டும்மா."
'ம்மா' வந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். வந்துவிட்டேன்.

மார்ச் 15
பயமாக இருக்கிறது.

மார்ச் 18
போச்சு. எல்லாம் போச்சு. வந்தவங்க கண்ணு முன்னாலயே. சக்கரம் பள்ளத்தில் மாட்டி, வெளியே வரத் திருகி, தட்டு சரிந்து — மருந்து பாட்டில் அத்தனையும் தூள். யாருக்கும் அடியில்லை. மேனேஜர் என்னைக் கைகாட்டினார். "வண்டியை ஓட்டற புரோகிராம் இவங்க எழுதினது."
பொய்யில்லையே. நான்தானே எழுதினேன். ஆனா சொன்னேனே, சொன்னேனே — யாரு கேட்டா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மார்ச் 19
வேலை நிரந்தரமில்லை, மாதக் கடைசியோடு சரி என்று சொல்லிவிட்டார்கள். "விடு, இனிமே நிம்மதியா வீட்டுல இரு," என்றார் கணவர். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 24
சாப்பிடப் பிடிக்கவில்லை. யாரிடமும் பேசவும்.

மார்ச் 31
அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். வளைவில் புதுத்தரை. ஒரு வண்டி கோட்டுக்கு ஒரு விரல் இந்தப் பக்கம் போனது, அடுத்தது ஒரு விரல் அந்தப் பக்கம். "மேனேஜர் யோசனைங்க, வெளியாளை வச்சு மாத்தினாங்க," என்றார் எலக்ட்ரீஷியன். நல்ல யோசனை என்றேன்.
பையோடு வாசலுக்கு நடந்தேன். எல்லோரும் வேலையாக இருப்பது போலக் கடந்து போனார்கள். ஒரு வண்டி மட்டும் எதிரே வந்து என்னைக் கண்டு நின்றது. ஆளைக் கண்டால் நிற்கும், அவ்வளவுதான். "தயவுசெய்து வழி விடவும்," என்றது.
விட்டேன்.