தேத்தண்ணி குடித்தவரின் ஈரல்

கற்பிட்டி,
வெள்ளிக்கிழமை.

தம்பி அஃப்ராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாய் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்; விசாரிக்கும் மனம் இன்றைக்கு இல்லை. வட்ஸப்பில் எழுதினால் பாதி வாசித்துவிட்டுக் கட்டைவிரல் படம் அனுப்புவாய். உன் கூட்டாளி நஜாத் நாளைக்குக் கண்டி பஸ் ஏறுகிறான். அவன் கையில் இதைக் கொடுக்கிறேன்.

வாப்பா இரத்தமாகச் சத்தி எடுத்ததை உம்மா சொல்லியிருப்பார். அதற்கு முன்பே மலம் தார்போலக் கறுப்பாகப் போனதை வெட்கத்தில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. வாப்பாவின் பழைய கூட்டாளி வின்சன்ட் மாமாதான் தன் மீன் லொறியின் முன் சீட்டில் அவரைச் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, உணவுக்குழாயில் வெடித்த நாளத்தைக் கட்டினார்கள். மற்ற நாளங்களும் வீங்கியிருக்கின்றன, செவ்வாய்க்கிழமை வந்து கட்டாயம் கட்டவேண்டும், இன்னொரு முறை வெடித்தால் கொண்டுவந்து சேர்க்க நேரம் இருக்காது என்று டொக்டர் சொன்னார். நீண்ட நாள் சீனி வருத்தம், ஈரலில் கொழுப்பு, அதனால் தழும்பு என்று எங்களுக்கு விளங்கச் சொன்னதும் அவர்தான்.

அவரை வீட்டுக்கு விட்ட அன்று பின்னேரம் நீ போன் எடுத்தாய். உம்மாவின் போனில் எப்போதும் ஸ்பீக்கர் போட்டிருக்கும் என்பது உனக்குத் தெரியும். "உம்மா, உண்மையச் சொல்லுங்க, வாப்பா வின்சன்ட் மாமாட மீன் வாடியில ஒளிச்சிக் குடிக்கிறவரா?" என்று கேட்டாய். வாப்பா பின்னால் தொழுகைக்கு வுழூ செய்துகொண்டிருந்தார். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

ஊர் கேட்டிருந்தால் பொறுத்திருப்பேன். எங்கள் ஆட்களில் ஒருவருக்கு ஈரல் வருத்தம் என்றால் ஊருக்குக் குடியைத் தவிர வேறு காரணம் தெரியாது. கதை பள்ளிவாசல் வரைக்கும் போய்விட்டது. நீ அப்படியா? போன நோன்பு விடுமுறையில் முற்றத்தில் நடந்து நடந்து உன் டொக்டர் பாடத்தை ஒப்பித்தாய். புத்தகத்தைப் பிடித்துச் சரிபார்த்தவள் நான். ஈரல் இறுகுவது மதுவால், வைரஸால், நீரிழிவோடு படியும் கொழுப்பால். நீ ஒன்றையும் விடவில்லை. வயிற்றில் நீர், காலில் வீக்கம், தூக்கம் மாறுவது, கறுப்பு மலம், எல்லாம் சொன்னாய். வாப்பா நாலு கரண்டி சீனித் தேத்தண்ணியோடு கதிரையில் இருந்து உன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வீங்கிய கால்கள் உன் வழியில் நீட்டிக் கிடந்தன. நீ தாண்டித் தாண்டி நடந்தாய்.

இத்தனை காரணம் படித்தவனுக்கு, சொந்த வாப்பா என்றதும் ஒன்றுதான் ஞாபகம் வந்ததா?

நீ கேட்டதை வின்சன்ட் மாமாவிடம் சொன்னேன். "நான் குடிக்கக்குள்ள அவன் பக்கத்தில இருந்து தேத்தண்ணிதான் குடிச்சவன். ஈரல் கெடுறதெண்டா எனக்கெல்லோ முதல்ல கெடோணும் மகள்" என்றார். சிரிக்கத்தான் சொன்னார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாப்பா இப்போது வாடிப் பக்கமே போவதில்லை. உப்புக் கூடாது என்று உம்மா கருவாட்டை ஒளித்தார், அதையும் தேடவில்லை.

செவ்வாய்க்கிழமை போகமாட்டாராம். "டொக்டராகப் போற மகனே அப்பிடி நினைச்சா, அந்த ஆஸ்பத்திரி வாட்டில நான் என்ன முகத்தோட படுக்கிற?" என்றார். நானும் உம்மாவும் கெஞ்சிப் பார்த்துவிட்டோம். எங்கள் சொல் எடுபடவில்லை. அவருக்கு வேண்டியது உன் சொல்.

அதனால் இதை வாசித்த உடனே வாப்பாவின் போனுக்கு எடு. உம்மாவுக்கு எடுக்காதே. வருத்தத்தின் பெயர்களைச் சொல்லாதே, உன் பாடம் அவருக்கு வேண்டாம். பிழையாகக் கேட்டுவிட்டேன் என்று சொல். செவ்வாய்க்கிழமை நானும் வருகிறேன் என்று சொல், வா.

அல்லாஹ் உன் நாவுக்கு நல்லதைத் தரட்டும். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அவர் இன்னும் உன் பரீட்சைக்குத்தான் துஆ கேட்கிறார். போனைச் சத்தம் கூட்டித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

உன் ராத்தா,
ஜுனைதா