ஹோபார்ட் கொடுத்த சின்னத் துப்பாக்கி

அன்பு மகள் ட்வைலாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த மட்டில் சுகம்தான். அலாஸ்காவில் இதற்குள் குளிர் தொடங்கியிருக்கும், காலுக்குக் கம்பளி உறை போடுகிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதே என் கவலை. இங்கே கென்டக்கியில் செப்டம்பர் பாதி போயும் வெயில் குறையவில்லை. குளிர்காலத்துக்கென்று பீன்ஸ் மட்டும் இருபத்திரண்டு ஜாடி அடைத்து வைத்தேன், சாப்பிட யார் இருக்கிறார்கள் என்று யோசிக்காமல் கைப் பழக்கத்தில் போட்டுவிட்டேன். மார்ச்சில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் பேச்சு ஒற்றைச் சொல்லாகிவிட்டது உனக்குத் தெரியும். "காப்பி", "போதும்", "மழை", அவ்வளவுதான். நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லி நாளைத் தள்ளுகிறேன்.

அணில் வேட்டைப் பருவம் திறந்த அன்று தன் கனத்த 'பன்னிரண்டு போர்' ரவைத் துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைக்கப் பார்த்தார், இடது கை தாங்கவில்லை, கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஹோபார்ட் கேள்விப்பட்டுத் தன் 'நாலு-பத்து' ஒற்றைக் குழல் துப்பாக்கியை எடுத்து வந்தார். அது இருக்கிற அளவுகளிலேயே சின்னது, ஐந்து பவுண்டு எடை, தோட்டா என் சுண்டுவிரல் பருமன். உன் அப்பா அதை ஆயுள் முழுக்கக் கேலி செய்தவர் ஆயிற்றே, "கொசு அடிக்கிற துப்பாக்கி" என்று. ஹோபார்ட் அதை அவர் மடியில் போட்டு, "இப்ப நீயும் கொசு அடிக்கிற ஆளுதான்டா டெல்மர், பிடி" என்றார். அப்பா சிரித்தார். மார்ச்சுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன்.

தனியாகச் சரிவில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் நானும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். ஹிக்கரி மரத்தடியில் அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். பொழுது விடிந்ததும் ஒரு பெரிய சாம்பல் அணில் இறங்கிவந்தது, இருபது தப்படி இருக்கும், அப்பா வைத்தது ஒரே வெடி, துடிக்காமல் விழுந்தது. சத்தமும் குறைவு, உதையும் இல்லை. குழம்பு வைத்தேன், சுடச்சுட பிஸ்கட் ரொட்டி மூன்றை அதில் தோய்த்துச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு தினமும் போனோம். உனக்கு ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. காட்டில் பேசாமல் இருப்பதுதான் முறை, அதனால் அங்கே அவர் பேசாதது எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிக் கதவைத் திறந்ததும்தான் உறைக்கும்.

போன வியாழக்கிழமை ஓர் அணில் தூரத்துப் பீச் மரத்தில் ஓடியது, நாற்பது தப்படிக்குக் குறையாது. ஹோபார்ட் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், இருபத்தைந்துக்கு மேல் போகாதே, பன்னிரண்டு போர் ஒரு பிடி மிளகை எறிகிறது என்றால் இது ஒரு சிட்டிகைதான், தூரம் போனால் பரந்துபோய் இரண்டு ரவைதான் படும், அது கொல்லாது, புண்ணாக்கும் என்று. "எட்டாதுங்க" என்றேன். பழைய கை, கேட்கவில்லை, சுட்டுவிட்டார். அணில் விழவில்லை. பின்னங்கால் தொங்க, ஊர்ந்து ஒரு கிளைக் கவைக்குள் போய்க் கத்திக்கொண்டிருந்தது. அப்பா குழலை மடித்து அடுத்த தோட்டாவைப் போடப் பார்த்தார், விரல் கேட்கவில்லை, தோட்டா சருகில் விழுந்தது, இன்னொன்று எடுத்தார், அதுவும் விழுந்தது. பிறகு துப்பாக்கியை என்னிடம் நீட்டி "நீ" என்றார். நாற்பத்தொரு வருஷம் அணிலைத் தோலுரித்திருக்கிறேன், ஒரு தடவையும் சுட்டதில்லை. சருகில் கிடந்த தோட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு மரத்தடி வரைக்கும் நடந்தேன், அது என்னைப் பார்த்தது, நான் சுட்டேன். விழுந்ததை எடுத்துக்கொண்டு திரும்பினால் அப்பா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். அப்புறம் மெல்ல, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "கிட்டப் போக முடியாதவன் சுடக்கூடாது, ஆர்டித்" என்றார். ஆறு மாதத்தில் முதல் முழு வாக்கியம். எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அவர் அப்படி அழும்போது.

இப்போது துப்பாக்கி என் கையில். அவர் பக்கத்தில் உட்கார்ந்து காதால் கண்டுபிடித்து விரலால் காட்டுகிறார். நேற்று முப்பது தப்படியில் ஒன்று நின்றது, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அது தன்பாட்டுக்குக் கொட்டையைக் கொறித்துவிட்டுப் போயிற்று.

கண்ணு, ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது அப்பாதான் எடுத்தார். "ஹலோ, ஹலோ, லைன்ல யாரும் இல்லையா" என்று நீ வைத்துவிட்டாய். அவர் இருந்தார். இதைத்தான் சொல்ல வாயெடுத்தார், சொல் வர நேரமாயிற்று. நீ வைத்த பிறகும் ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்று, "அம்மாவே சுட்டுட்டா" என்று அந்த ரிசீவரிடமே சொல்லி முடித்துவிட்டுத்தான் வைத்தார். உன்மேல் குறை இல்லை, உனக்கு எப்படித் தெரியும். அடுத்த தடவை மட்டும் சட்டென்று வைத்துவிடாதே, எவ்வளவு நேரமானாலும் காத்திரு.

கர்த்தர் உன்னைக் காத்துத் தினமும் நல்லபடியாக வீடு சேர்ப்பாராக. காலுறையை மறக்காதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா ஆர்டித்