எல்லாருக்கும் இடமுள்ள ஊர்

மார்ச் 2

அன்புள்ள சில்வண்டுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் ஊரும் நலம். மூவரில் ஊர் கொஞ்சம் கூடுதல் நலம்.

உன் கடிதம் ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்தது. பரிசோதனைக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறாய், அந்த நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்குவதென்றால் ஜூன் பதினைந்துக்குள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். எதில் கையெழுத்துப் போட்டாலும் முதலில் எழுத்துப்பிழை பார்த்துக்கொள். முப்பத்துநாலு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் சொல்கிறேன்.

இனி முக்கியமான விஷயம். ஒரு மாத இதழ் 'வாழ ஏற்ற ஊர்' என்று போட்டி வைத்திருக்கிறது. நம் நகர நலச் சங்கம் கலந்துகொள்கிறது. தலைவர் நான். துணைத்தலைவர் தெருமுனைக் கடை முடிதிருத்துபவர். "நீங்க எழுத்தைத் திருத்துறீங்க, நான் தலையைத் திருத்துறேன். ரெண்டு பேரும் சேந்தா ஊரையே திருத்திடலாம் அண்ணே" என்று பேசித்தான் பதவிக்கு வந்தார். சங்கத்தின் வாசகம் 'எல்லாருக்கும் இடமுள்ள ஊர்'. நான் எழுதியது. நாற்பதாயிரம் துண்டறிக்கை அச்சடித்து இரண்டு வருஷமாகக் கொடுத்து வருகிறோம். முப்பத்தொன்பதாயிரம் மீதி இருக்கிறது.

ஞாயிறுதோறும் வெளியூர்க்காரர்களை அழைத்துக்கொண்டு நடைப்பாலம், நூலகம், பழைய புத்தகச் சந்தை என்று சுற்றிக் காட்டுகிறேன். போன வாரம் மூன்று பேர் வந்தார்கள். அதில் இருவர் வழி கேட்க நின்றவர்கள். ஆனாலும் கடைசி வரை விடவில்லை.

போட்டிக்கு ஒரு விதி உண்டு. ஊரை விட்டுப் போன ஒருவர் 'நான் ஏன் திரும்பி வர விரும்புகிறேன்' என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். போனவர்களில் எனக்கு உன்னைத்தான் தெரியும். மார்ச் 31 கடைசி நாள். உடனே எழுது.

அன்புடன்,
அண்ணன்

---

மார்ச் 12

அன்புள்ள அண்ணா,

நான் நலம். அண்ணியைக் கேட்டதாகச் சொல். ஊரைக் கேட்டதாகச் சொல்ல வேண்டாம், அதற்கு ஏற்கெனவே தலைக்கனம்.

என்ன செய்யலாம் என்று கேட்டேன். எழுத்துப்பிழை பார்க்கச் சொல்கிறாய். சரி. நீ கேட்ட பக்கம் இதோ:

"உங்கள் ஊரில் ஏழாம் நம்பர் பஸ் வராது. வராத பஸ்ஸுக்காக நின்ற நேரத்தில்தான் எனக்கு மூன்று சிநேகிதிகள் கிடைத்தார்கள். நடைப்பாலம் ஆடும். இரண்டு பேர் காலை ஒன்றாக எடுத்து வைத்தால் இன்னும் நன்றாக ஆடும். நானும் அண்ணனும் அப்படி நடந்து, எதிரே வருகிற பெரியவர்கள் கைப்பிடிக்குத் தாவுவதைப் பார்த்துச் சிரிப்போம். நூலகத்தில் ஒரே மின்விசிறி. அதன் கீழே உட்கார்ந்தால் கைக்கெட்டுவது வானியல் அலமாரி. அதனால் மூன்று கோடைகாலம் வானியல் படித்தேன். சனிக்கிழமை புத்தகச் சந்தையில் நாம் விற்ற புத்தகத்தையே அடுத்த வாரம் நமக்கு விற்கப் பார்ப்பார்கள். மழை வந்தால் எந்தக் கடையிலும் யாரென்று கேட்காமல் நிற்க விடுவார்கள். பேச்சுதான் வேகம், வேறு எதிலும் யாருக்கும் அவசரமில்லை. இதற்காகத்தான் திரும்பி வர விரும்புகிறேன்."

இது போட்டிக்காக எழுதியதில்லை, அண்ணா. நிஜமாகவே யோசிக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு அங்கேயே வந்துவிட்டால் நான் எங்கே தங்குவது?

உன் தங்கை

---

மார்ச் 22

அன்புள்ள சில்வண்டுக்கு,

உன் பக்கம் கிடைத்தது. பொருள் நன்றாக வந்திருக்கிறது. சில இடங்களில் மட்டும் சிவப்பு மசியால் கை வைத்திருக்கிறேன். பிரதி இத்துடன் இருக்கிறது.

'பஸ் வராது' என்பது 'பஸ் உரிய நேரத்தில் வரும்' ஆகியிருக்கிறது. சிநேகிதிகள் தேவையில்லாததால் நீக்கிவிட்டேன். 'பாலம் ஆடும்' என்பதை 'பாலம் உறுதியானது' என்று மாற்றினேன், பெரியவர்கள் இப்போது அமைதியாகக் கடந்து போகிறார்கள். 'ஒரே மின்விசிறி' என்பதில் 'ஒரே'யை எடுத்தேன். சந்தையில் விற்ற புத்தகம் விற்றவரிடமே திரும்புவது நல்ல பெயர் தராது. மழை முழுவதையும் எடுத்துவிட்டேன், நடுவர்கள் வடிகால் பற்றிக் கேட்பார்கள்.

முதல் சொல்லே 'உங்கள் ஊர்' என்று தவறாக விழுந்திருந்தது. கைப்பிழை. 'நம் ஊர்' என்று திருத்திவிட்டேன்.

தங்குவது பற்றிக் கவலையே வேண்டாம். பாலத்தருகே ஒரு விடுதி இருக்கிறது. வீட்டிலிருந்து ஏழு நிமிட நடை, ஜன்னலில் ஆறு. நூலகத் தெருவில் இன்னொன்று, நாலு நிமிடம்தான், ஆனால் ஜன்னலில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். என் சிபாரிசு ஆறு. சங்கத் தலைவரின் தங்கை என்று சொல், மேல்மாடி கொடுப்பார்கள்.

அன்புடன்,
அண்ணன்

---

ஏப்ரல் 1

அண்ணா,

தேதியைப் பார்த்துவிட்டு விளையாட்டு என்று நினைக்காதே.

நான் கேட்டது விடுதிப் பட்டியல் இல்லை. எனக்கு ஐம்பத்தொன்பது வயது, எந்த ஊரிலும் விடுதி தேடத் தெரியும்.

'உங்கள் ஊர்' கைப்பிழையும் இல்லை. யோசித்து எழுதினேன். போன வருஷம் பதினோரு நாள் வந்திருந்தேன், ஞாபகமிருக்கிறதா? என் அறைக் கதவைத் திறந்தால் கட்டிலைக் காணோம், கட்டுகள் இருந்தன. தரையிலிருந்து ஜன்னல் வரை கட்டுக்கட்டாக 'எல்லாருக்கும் இடமுள்ள ஊர்'. பதினோரு நாளும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தேன். அண்ணி பாவம், தன் தலையணையை எனக்குக் கொடுத்தார்கள். நீ காலையில் என்னைத் தாண்டிப் போய்ச் செய்தித்தாள் எடுத்தாய்.

பகலெல்லாம் ஊர் சுற்றிக் காட்டினாய். நான் பிறந்த ஊரை. நான் பத்து வருஷம் படித்த பள்ளிக்கூடத்தின் முன்னால் நிறுத்தி, "இது ஒரு பள்ளி" என்றாய். நூலகத்தில் நுழைவுப் பதிவேட்டில் என்னை 'விருந்தினர்' என்று எழுதியது நீதான். அழகாக, பிழையில்லாமல். ஒரு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து, எப்படி இருக்கிறாய் என்று நீ கேட்கவில்லை.

பஸ் உரிய நேரத்தில் வந்திருந்தால் எனக்குச் சிநேகிதிகளே இருந்திருக்க மாட்டார்கள். அது கூடவா புரியவில்லை?

நீ திருத்திய அந்தப் பக்கத்தை என் பெயரில் அனுப்பாதே. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ பேசுவாய், நான் 'ம்' போடுவேன். கடிதத்தில்தான் எனக்கும் பேச முறை வருகிறது.

தங்கை

---

ஏப்ரல் 11

அன்புள்ள சில்வண்டுக்கு,

உன் கடிதம் கிடைப்பதற்குப் பத்து நாள் முன்பே பக்கம் போய்விட்டது. கடைசித் தேதி என்று ஒன்று இருக்கிறதே, நான் என்ன செய்ய?

உனக்கு என் கஷ்டம் தெரியாது. ஆறு பேர் உள்ள சங்கத்தில் கூட்டத்துக்கு வருவது இரண்டு பேர், அதில் ஒருவர் நான். நூலகத்தின் இரண்டாவது மின்விசிறிக்கு மூன்று மனு எழுதினேன். முதல் மின்விசிறியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், பழுது பார்க்க என்று. பாலத்துக்கு வண்ணம் பூச வேண்டும் என்று எழுதினேன். 'வண்ணம் பூசப்பட்டது' என்ற பலகையை மட்டும் வைத்தார்கள். இப்படிப்பட்ட ஊரைப் பற்றிப் பெருமைப்படுவது லேசான வேலை இல்லை. தினமும் செய்ய வேண்டியிருக்கிறது.

அறை விஷயம் தற்காலிகம்தான். துண்டறிக்கைகளை வேறெங்கே வைப்பது? முடிதிருத்தும் கடையில் இடமில்லை. நூலகத்தில் இடமில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். பஸ் நிலையத்தில் கேட்டேன், சிரித்தார்கள். விசாரித்த வரையில் இந்த ஊரில் அந்தத் துண்டறிக்கைகளுக்கு எங்கும் இடமில்லை.

உன் அண்ணி, "ரெண்டு வருஷமா நானும் சொல்றேன். இந்த வீட்டுல அந்தக் கட்டுங்களுக்கு மட்டுந்தான் தனி ரூம்" என்கிறாள். வாக்கியத்தில் பிழை இல்லை. தொனிதான் சரியில்லை.

அன்புடன்,
அண்ணன்

---

ஏப்ரல் 21

நகர நலச் சங்கத் தலைவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நன்றி.

படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். இங்கே எனக்கு ஓர் அறை இருக்கிறது. அதில் நான் இருக்கிறேன், வேறு எதுவும் அடுக்கி வைக்கப்படவில்லை. ஆகவே இங்கேயே இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

படிவத்தில் 'சொந்த ஊர்' என்று ஒரு கட்டம் வருகிறது. மற்றதெல்லாம் நிரப்பியாயிற்று. அதைப் பென்சிலில் எழுதலாமா என்று பார்க்கிறேன், நீங்கள் திருத்துவதற்கு வசதியாக இருக்கும்.

உங்கள் ஊர் வெற்றி பெற வாழ்த்துகள்.

இப்படிக்கு,
விருந்தினர்

---

மே 16

அன்புள்ள சில்வண்டுக்கு,

முடிவு வந்துவிட்டது. எட்டு ஊர்கள் கலந்துகொண்டதில் நமக்கு ஏழாமிடம். எட்டாவது ஊர் விண்ணப்பத்தைத் தாமதமாக அனுப்பியிருந்தது.

நடுவர் குறிப்பையும் அனுப்பியிருந்தார்கள். "ஊரை விட்டுப் போனவர் எழுதிய பக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. ஓர் ஆளும் இல்லை." இரண்டே வாக்கியம். எதைத் திருத்துவது என்று அரை நாள் பார்த்தேன்.

அதை எடுத்துக்கொண்டு துணைத்தலைவர் கடைக்குப் போனேன். உன் பக்கத்தை முதலில் நீ எழுதியபடியும், பிறகு என் சிவப்போடும் படித்துக் காட்டச் சொன்னார். பாலம் ஆடிய இடத்தில், முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தவர் சிரித்துவிட்டார். "நானும் ஆட்டியிருக்கேன் சார்" என்றார். கத்தி கன்னத்தில் இருக்கும்போது சிரிப்பவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

துணைத்தலைவர் சொன்னார்: "அண்ணே, நான் வெட்டி முடிச்சா பின்னாடி கண்ணாடி புடிச்சுக் காட்டுவேன். சரியான்னு கேப்பேன். தலை அவங்களது இல்லையா? நீங்க தங்கச்சிக்குக் காட்டினீங்களா?"

காட்டினேன் என்றேன்.

"வெட்டிட்டுக் காட்டினீங்க. கேட்டீங்களா?"

வீட்டுக்கு வந்து கட்டுகளைத் தூக்க ஆரம்பித்தேன். உன் அண்ணி மறுமுனையைப் பிடித்தாள். நாலு நாள் ஆயிற்று. பாதி, கடையில் சவரக் கத்தி துடைக்கப் போயிருக்கிறது. பாதி, பழைய தாள்காரரிடம். உன் அறை இப்போது காலி. கட்டில் மாடியில் கிடந்தது, இறக்கிப் போட்டாயிற்று. ஜன்னலைத் திறந்தால் பஸ் நிறுத்தம் தெரிகிறது என்பதையே மறந்திருந்தேன். மூன்று பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பஸ் வரவில்லை.

'உங்கள் ஊர்' என்பதைத் திருத்த எனக்கு உரிமை இல்லை. என் சிவப்புப் பேனாவை இத்துடன் அனுப்புகிறேன். மசி அடைத்துப் பயன்படுத்துகிற பழைய பேனா, பார்த்துத் திற. இனி அது உன்னிடம் இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்

---

மே 26

அண்ணா,

உன் உறை வந்தது. உள்ளே பேனா வைத்து அனுப்பும் எண்ணம் யாருடையது? வழியிலேயே மசி முழுக்கக் கசிந்து, கடிதம் தலையிலிருந்து கால் வரை சிவப்பு. இத்தனை வருஷம் நீ திருத்தியதெல்லாம் சேர்ந்து இந்த ஒரு கடிதத்தில் இறங்கியது போல இருக்கிறது. தாள்கள் ஒட்டிக்கொண்டன. ஆவியில் காட்டிப் பிரித்ததில் கிழிந்தும் போயிற்று.

எனக்குக் கிடைத்தவை இரண்டு சொற்கள். மேலே 'ஏழாமிடம்'. அது என்னவென்று ஊகித்துவிட்டேன். நடுப்பக்கத்தில் 'அறை'. உனக்கு இருக்கும் கோபத்தில் அது தங்கும் அறையா, கன்னத்தில் விடும் அறையா என்று தெரியவில்லை. முன்னும் பின்னும் ஒன்றுமே இல்லை.

போன் செய்து கேட்டிருக்கலாம். எடுத்ததும் பஸ் எப்படி ஓடுகிறது என்று ஆரம்பிப்பாய்.

நான் ஒன்றும் இளகிவிடவில்லை. படிவம் மேஜைமேல்தான் இருக்கிறது. கையெழுத்து இன்னும் போடவில்லை, ஜூன் பதினைந்தாம் தேதி அலுவலகம் மூடுவதற்குள் போட்டால் போதும். இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போடுவதாக இருந்தேன். இப்போது இந்தச் சிவப்புத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எரிச்சலாக இருக்கிறது.

மற்றதெல்லாம் போகட்டும். அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி எழுது. கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் நேராகக் கேள். பேனா வைக்காதே.

சில்வண்டு

---

ஜூன் 5

சில்வண்டு,

தங்கும் அறை. காலியாக இருக்கிறது.

வா.

வேறு செய்தி இல்லை.

அண்ணன்