ஹன்ற்ஸ்வில்லில் பழைய முதலாளி

9 ஓகஸ்ட் 1987, ஞாயிறு

வடக்கு ஏரிகளைச் சுத்திப்போட்டு இப்பதான் வீட்டை வந்தம். பிள்ளையள் காரிலேயே நித்திரை.

மத்தியானம் ஹன்ற்ஸ்வில்லில சாப்பிட நிப்பாட்டினது என்ர யோசினை. கனடாவுக்கு நான் தனிய வந்த புதுசில இரண்டு வருசம் கோப்பை கழுவின கடை அது. ஊரில இருந்த பெண்சாதி கமலாவுக்கு ஒஃபிஸ் வேலை எண்டுதான் அப்ப கடிதம் எழுதினனான். நாலு வருசத்துக்குப் பிறகு ஆர் என்னை அடையாளம் காணப்போகினம் எண்டு நினைச்சன்.

கண்டவுடனை முதலாளி மனுசி ஓடிவந்து கட்டிப்பிடிச்சுது. உன்னைப்போல கோப்பை கழுவ ஒருத்தரும் பிறகு கிடைக்கேல்லை எண்டு கமலாவுக்கு முன்னாலேயே சொல்லிச்சுது. குசினிக் கதவு திறக்க அதே சவுக்கார மணம் வந்தது. பனிக்காலத்தில அந்தச் சுடுதண்ணிக்கு முன்னால பாடிக்கொண்டு நிண்டது ஞாபகம் வந்து, வெக்கத்துக்குள்ளையும் ஒரு சந்தோசம்.

காரில வரேக்கை நானே கமலாவிட்டை, "பொய்தான் எழுதினனான்" எண்டன்.

"தெரியும். எயார்போட்டில உங்கட கையைப் பிடிச்ச அண்டைக்கே தெரியும். தோலெல்லாம் வெடிச்சுக் கிடந்தது."

"ஏன் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தனான்."

பிறகு, அந்த மனுசிக்குக் கிறிஸ்மஸ் காட் போடவேணும், விலாசத்தைத் தாங்கோ எண்டாள்.