அணைந்த பச்சை விளக்கு

நேற்று டிவி அலமாரிக்குப் பின்னால் கூட்டும்போதுதான் கவனித்தேன். மின்னல் வந்தால் டிவி கருகாமல் காக்க நீங்கள் மாட்டிவைத்த சர்ஜ் ப்ரொடெக்டரில் அந்தச் சின்னப் பச்சை விளக்கு எரியவில்லை. எப்போது அணைந்தது என்று தெரியாது. டிவி ஓடுகிறது, ஆம்ப்ளிஃபயரில் சத்தம் வருகிறது, ரெக்கார்டர் பெட்டியும் வேலை செய்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் கரோக்கேயில் பாடியதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

வாங்கி வந்த அன்று எனக்கு விளக்கினீர்கள். "இந்த லைட் எரியலன்னா உள்ள உள்ளது செத்துப்போச்சுன்னு அர்த்தம். கரண்ட் வரும், பாதுகாப்பு இருக்காது. உடனே மாத்திடணும்." கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

கிள்ளானுக்குக் குடிவந்த புதிதில் ஒரு மழைக்கு எல்லா ப்ளக்கையும் பிடுங்கினோம். டிஷ் வயரை மறந்துவிட்டோம். மின்னல் அதன் வழியாக வந்து புது டிவியைக் கருக்கிவிட்டது. அதற்குப் பிறகு வானம் லேசாக இருட்டினாலே நீங்கள் அலமாரிக்குப் பின்னால் இருப்பீர்கள். தெலுக் பங்லிமா காராங்கில் நீங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்துகூட ஃபோனில் கூப்பிடுவீர்கள்.

"அங்க இருட்டிக்கிட்டு வருதா? டிஷ் வயர கழட்டிட்டியா?"

"நான் பிரிக்பீல்ட்ஸ்ல ஆபீஸ்ல இருக்கேங்க. வீட்ல யாரு இருக்கா?"

"சரி, அப்ப சாமிய கும்பிட்டுக்க."

அந்தக் கவலையில்தான் ப்ரொடெக்டர் வந்தது. டிஷ் வயரையும் அதன் வழியாகவே கொண்டுபோனீர்கள். "பேசாம இந்த ஆம்ப்ளிஃபயரையே கல்யாணம் பண்ணியிருக்கலாம்" என்றேன். "பண்ணியிருப்பேன். சமைக்கத் தெரியாதுலா அதுக்கு" என்றீர்கள், ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்வியபடி.

தொழிற்சாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை என்று சொன்னார்கள். சடங்குகள் முடிந்தன. உறவுக்காரர்கள் போனார்கள். நான் வேலைக்குத் திரும்பினேன். பலரும் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்த நேற்றே, சாயங்காலம் இடி தொடங்கியது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். சோபாவில் உட்கார்ந்திருந்தேன். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. எரிந்தால் எரியட்டும் என்றுகூட நினைக்கவில்லை. எதுவுமே நினைக்கவில்லை.

செமினியில் படிக்கும் நம் மகள் வார இறுதிக்கு வந்திருந்தாள். அறையிலிருந்து ஓடி வந்தவளிடம், "அந்த லைட் அணைஞ்சு போச்சு" என்று மட்டும் சொன்னேன். என்னை ஒரு தடவை பார்த்தாள். அலமாரிக்குப் பின்னால் தவழ்ந்து போய் ப்ளக்குகளைப் பிடுங்கி, டிஷ் வயரைத் திருகிக் கழற்றினாள். தலையில் ஒட்டடையோடு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா பாட்டு அதுல மட்டுந்தான் இருக்கு. வேற எங்கயும் இல்ல. தெரியும்லம்மா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சும்மா உக்காந்திருக்கீங்க?"

அவள் அழுதாள். நான் ஒட்டடையை எடுத்துவிட்டேன்.

மழை விட்டதும் அந்தப் பெட்டியிலிருந்த பாட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் இறக்கினாள். தன் கணினியிலும் ஒன்று வைத்துக்கொண்டாள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்தாள். சில இடங்களில் வாயசைத்துக் கூடவே பாடினாள். நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்தேன்.

இன்று காலை பிரிக்பீல்ட்ஸுக்குப் போகும் ரயிலில், கைப்பைக்குள் அலுவலக அட்டையோடு அந்த பென் டிரைவும் வந்தது. இனி தினமும் வரும். நான் இன்னும் கேட்கவில்லை. ஒரு பாட்டில் நீங்கள் வரியை மறந்து ஏதோ சொல்ல, பின்னால் நான் விடாமல் சிரிக்கிறேனாம். எந்தப் பாட்டு என்று அவளிடம் கேட்டுக்கொள்ளவில்லை.