என் தறியின் கைக்கயிறு

12.8.1974
மெட்ராஸ் கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். என் தறியின் மரச்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்து, "இது எங்க கண்டுபிடிப்புமா. பேடன்ட் வரப்போவுது. அப்புறம் எங்க அனுமதி இல்லாம யாரும் மாட்டக்கூடாது" என்றார்.

எங்க கண்டுபிடிப்பாம்! நெய்ய நெய்யப் பாவு நூலைத் தளர்த்த ஒவ்வொரு தரமும் தறிக்குழியை விட்டு எழுந்து பின்னால் போக வேண்டும். முட்டி வலி தாங்காமல் நான் யோசித்தது இது. தச்சர் அந்தோணி செய்து தந்தார். உட்கார்ந்தபடியே கயிற்றை இழுத்தால் சக்கரம் சுற்றிப் பாவு தளரும். இன்று தெரு முழுக்க இதுதான்.

14.8.1974
வக்கீலைப் பார்த்தே தீர வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

19.8.1974
வீட்டுக்காரரும் நானும் வக்கீல் பூவராகவனிடம் போனோம். பேடன்ட் என் பேருக்கு வேண்டும் என்றேன். "வெளியாளுங்களுக்கு எப்பமா காட்டினீங்க?" என்று கேட்டார்.

மறைப்பானேன்? எழுபத்திரண்டு ஆயுத பூஜையன்று தறிக்குப் பொட்டு வைத்து, கதவைத் திறந்துபோட்டு, சுண்டலுக்கு வந்த பெண்களையெல்லாம் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். "ரொம்ப பீத்திக்காத" என்று வீட்டுக்காரர் அன்றே முறைத்தார்.

வக்கீல் சிரித்தார். "அவங்க மனு போட்டது அதுக்கு அடுத்த தை மாசம். ஊருக்கே தெரிஞ்ச பொருள் புதுசு ஆவாது. மனு நிக்காது. ஆனா அதே காரணத்தால உங்களுக்கும் பேடன்ட் கெடையாதும்மா."

எனக்கும் இல்லையா? நான் செய்ததற்கா?

21.8.1974
பேசாமல் இருந்தால் தெருவே அவர்கள் முன் கைகட்டி நிற்கும். எனக்கு இல்லாவிட்டால் போகிறது — அவர்களுக்கும் இல்லை. எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டேன்.

3.3.1975
மெட்ராஸில் விசாரணை. கம்பெனி வக்கீல், "நாலு பேர் பார்த்தால் ஊருக்குத் தெரிந்ததாகிவிடுமா?" என்றார். சாட்சி சொல்ல வந்த பக்கத்து வீட்டு நீலாம்பாள் விடவில்லை. "பாத்தமா? இழுத்தே பாத்தோம்யா! அந்த வாரமே என் தறிக்கும் மாட்டிக்கினேன். இன்னும் இருக்குது, வந்து பாரு!"

என்ன பெண் இவள்! கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

9.6.1975
உத்தரவு வந்துவிட்டது. மனுத் தேதிக்கு முன்பே பலரும் அறிந்து பயன்படுத்தியது, ஆகவே புதுமை இல்லை; பேடன்ட் மறுக்கப்படுகிறது. ஜெயித்தோம்! தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தேன். 'புதுமை இல்லை' என்பது மட்டும் கொஞ்சம் குத்தியது.

31.8.1975
முசரவாக்கத்தில் கல்யாணம். அந்த வீட்டில் ஒரு தறி. முன்பின் தெரியாத பெண் ஒருத்தி, "உங்க ஊர்ல இது இல்லியாமா? எழுந்திரிக்கவே வேணாம், பாருங்க" என்று கயிற்றை இழுத்துக் காட்டினாள்.

நான் எப்போது பீத்திக்கொள்ள ஆரம்பிப்பேன் என்று வீட்டுக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்லா இருக்குதும்மா" என்றேன். அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.